ஏழு மணிக்கு மேல் போன் இல்லை

மீனாட்சிபுரம்
1.11.2025

மோனிஷா அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நான் கத்துகிறேன், நான்காவது நிமிடம் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். இரண்டு வாரமாக இதுதான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் கத்தினால் காதில் விழாது பாருங்கள்.

பிள்ளையின் கை வீக்கம் வடிந்துவிட்டது. மாவுக்கட்டின் மேல் அண்ணன் வீட்டுப் பசுவைப் படம் வரைந்து வைத்திருக்கிறாள். டிசம்பர் ஒன்றாம் தேதி கட்டுப் பிரிக்கலாம் என்று பொள்ளாச்சி டாக்டர் சொல்லியிருக்கிறார். "அப்புறம் எதுக்கு அம்மிணி மறுக்கா அந்த மலைக்கு? இங்கயே பள்ளிக்கோடத்துல சேத்திப்போடலாம்" என்கிறார் அண்ணன். அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது.

தீபாவளிக்கு இங்கே வரக் கிளம்பிய அன்று, டாப் ஸ்டேஷன் தாண்டி அந்த வளைவில், நீங்கள் ஓட்டிக்கொண்டே தூங்கிப்போனீர்கள். ஜீப் தேயிலைக்குள் இறங்கி நின்றது. செடிகள் தாங்காமல் போயிருந்தால் இன்றைக்கு யார் யாருக்குக் கடிதம் எழுதுவது? அதற்கு முந்தைய ஆறு நாளும் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு சூரியன் உதிப்பதைக் காட்டப் போனீர்கள். "ரெண்டு நாளைக்கு ட்ரிப் வேண்டாமுங்க, தூங்குங்க" என்று நான் சொன்னதற்குத்தானே முந்தின நாள் அவ்வளவு பெரிய சண்டை?

டாக்டரிடம் கேட்டேன். தூக்கம் என்பது படுத்த பிறகு வருவது இல்லையாம், சாயங்காலத்திலிருந்தே அதற்கு வழி செய்ய வேண்டுமாம். நாலு மணிக்கு மேல் டீ கிடையாது. ஏழு மணிக்கு மேல் போன் கிடையாது. அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிடுங்கள், சென்னைக்காரன் ஜீப் கேட்டால் காலையில் கேட்கட்டும். வெந்நீரில் குளியுங்கள். அந்த வெள்ளை ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பைப் போடுங்கள். கஞ்சி குடித்தால் போதும், பரோட்டா வேண்டாம். பிறகு உட்கார்ந்து எனக்கு எழுதுங்கள். மனதில் ஓடுவதைக் காகிதத்தில் இறக்கிவிட்டால் தலை லேசாகுமாம். ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள்.

இதை விளையாட்டாக எழுதவில்லை. கட்டுப் பிரிப்பதற்குள் நீங்கள் ஒழுங்காகத் தூங்குகிறீர்கள் என்று எனக்கு நம்பிக்கை வந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வராவிட்டால் அவள் இங்கேதான் பள்ளிக்கூடம் போவாள். நானும் இங்கேதான்.

கற்பகம்


வட்டவடை
5.11.2025

கற்பகம்,

உன் கடிதத்தை டின்டுவின் டீக்கடையில் வைத்துப் பிரித்தேன். ஒரு கையில் கடிதம், மறு கையில் கிளாஸ். மணி நாலேகால். அந்த வரியைப் படித்ததும் மிச்ச டீயைக் கீழே ஊற்றினேன். "என்னண்ணே, ஈ விழுந்துருச்சா?" என்று கேட்டான் டின்டு. "இல்லடா, எம் பொண்டாட்டி விழுந்துட்டா" என்றேன். கடையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உன் சட்டங்களை எல்லாம் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் போனை அணைக்காமல் அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். உள்ளே அது அடித்ததும் ஏதோ பெருச்சாளி புகுந்துவிட்டது என்று விறகுக் கட்டையோடு போனேன். வெந்நீர் போட்டேன், குளித்தேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கஞ்சி குடித்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. வீட்டில் பேச ஆள் இல்லை. சுவரில் பல்லி இருக்கிறது, அதுவும் பேசுவதில்லை.

நீ சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப் பூண்டை இறக்கி, தினமும் கொஞ்சம் பல் பிரிக்கிறேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது, அந்த நேரம் மனசு கொஞ்சம் சும்மா இருக்கிறது. வீடு முழுக்கப் பூண்டு வாடை, அதற்கு நீ வந்து திட்டு.

உனக்கு முக்கியமான விஷயம் இது. விடியல் ட்ரிப்புக்கு ஸ்டாண்டில் முதலில் நிற்கும் ஜீப்பைத்தான் முதலில் அனுப்புவார்கள். அதற்காக ராத்திரியே கொண்டுபோய் நிறுத்தி, சீட்டிலேயே சாய்ந்து கிடப்பது பதினொரு வருடப் பழக்கம். அதை விட்டுவிட்டேன். வரிசையில் எந்த இடம் கிடைக்கிறதோ கிடைக்கட்டும். ஜீப்பும் சரியாகிவிட்டது, பம்பரும் ஒரு விளக்கும்தான் போயிருந்தன.

மோனிஷாவிடம் சொல், அப்பா எட்டு மணிக்கே கொட்டாவி விடுகிறார் என்று.

பாண்டித்துரை


மீனாட்சிபுரம்
8.11.2025

மோனிஷா அப்பாவுக்கு,

டீக்கடைப் பேச்சைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு "அப்பா நேத்து தூங்குனாங்களாம்மா?" என்று கேட்டாள். தினமும் எழுந்ததும் முதல் கேள்வி இதுதான். பல் தேய்ப்பதற்கு முன்னால் கேட்கிறாள்.

புதன்கிழமை அன்னாபிஷேகத்துக்குக் கோயிலுக்குப் போனோம். சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் குப்பண்ணன் தன் ஆட்டோவில் கூட்டிப்போனார். போக வர அரை மணி நேரம், மோனிஷா ரோட்டைப் பார்க்கவே இல்லை. குப்பண்ணன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் கொஞ்சம் நிதானமாகக் கண் சிமிட்டினாலும் "மாமா!" என்று தொடையில் தட்டினாள். "ஏனம்மிணி, எம்மூஞ்சில என்ன எழுதி ஒட்டியிருக்குது?" என்று அவர் சிரித்தார்.

பல்லியோடு பேசுங்கள், பரவாயில்லை. பூண்டு பிரிப்பது நல்ல யோசனை. படுத்துத் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்க வேண்டாம். எழுந்து சும்மா உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது படுங்கள். போனை மட்டும் டின்னிலிருந்து எடுக்காதீர்கள்.

நான் எட்டரைக்கே படுத்துவிடுகிறேன். மூன்றரைக்கெல்லாம் மாடு கூப்பிட ஆரம்பித்துவிடும்.

ஸ்டாண்டில் போய்ப் படுப்பதை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன்.

கற்பகம்


வட்டவடை
11.11.2025, மாலை 7.30

கற்பகம்,

மேலே நேரம் போட்டிருக்கிறேன் பார். உன் சட்டப்படி எழுதும் நேரம். போன் டின்னுக்குள், கஞ்சி வயிற்றுக்குள்.

ஒரு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன். ஒன்பதுக்குத் தலையைச் சாய்த்தால் அவ்வளவுதான், சேவல் கூவினால்கூடத் தெரிவதில்லை. ஸ்டாண்டில் எல்லாரும் முகம் தெளிந்திருக்கிறது என்கிறார்கள். "என்னண்ணே, புது மாப்பிள்ள மாதிரி இருக்கீக" என்று கிண்டல் வேறு. டிசம்பர் வரை காத்திருக்க வேண்டுமா என்றுகூடத் தோன்றுகிறது.

இரண்டு நாள் மழை விட்டு வானம் துடைத்துவிட்டது போல் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எதிரே மேட்டுக்கு மேல் பாதி நிலா ஏறுகிறது. கோஸ் தோட்டம் முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது. நீ வந்த புதிதில் இந்த வெளிச்சத்தைப் பார்த்து, பனி பெய்திருக்கிறதா என்று கேட்டாயே. எனக்கு இன்றைக்கு உன் நினைப்பு அதிகமாக இருக்கிறது கற்பகம். நீ வந்துவிடு.

தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. படுக்கப் போகிறேன்.

பாண்டித்துரை


மீனாட்சிபுரம்
15.11.2025

மோனிஷா அப்பாவுக்கு,

நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். கடைசி வரிகளைப் படித்து அழக்கூடச் செய்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தபோதுதான் உறைத்தது.

பௌர்ணமி போன வாரம் புதன்கிழமை. அதற்கு ஆறு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, ஏழரை மணிக்கு எந்த நிலா ஏறுகிறது? இங்கே மாட்டுக்கொட்டகைக் கூரைக்கு மேல் அது தலை காட்டும்போது மணி பதினொன்றரை. உங்கள் மேட்டைத் தாண்டி வர இன்னும் நேரம் ஆகியிருக்கும். இல்லை, வட்டவடைக்கென்று தனியாக ஒன்று விட்டிருக்கிறார்களா?

நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவர். மேடும் கோஸ் தோட்டமும் நேர் எதிரே தெரிகிற இடம் ஜீப் ஸ்டாண்டு. நடுராத்திரி தாண்டி, ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, மாலை 7.30 என்று போட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதன் பிறகு விடியலில் யாரை ஏற்றிக்கொண்டு போனீர்கள்? அவர்களோடு பிள்ளைகள் இருந்தார்களா?

கஞ்சியும் வெந்நீரும் எனக்குப் பெரிதில்லை. தூங்கவில்லை என்று எழுதியிருந்தால்கூட, பாவம் மனுஷன் முயற்சி செய்கிறார் என்று இருந்திருப்பேன். தினமும் காலையில் ஒரு சின்னப் பிள்ளை என்னிடம் கேட்கிறாள், நானும் "நல்லாத் தூங்கறாராம்டா" என்று சொல்கிறேன். என்னையும் உங்களோடு சேர்த்துப் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள்.

பள்ளிக்கூடத்தில் கேட்டு வரச் சொல்லி அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

கற்பகம்


வட்டவடை
19.11.2025

கற்பகம்,

ஆமாம். ஸ்டாண்டில்தான் இருந்தேன். அன்று மட்டும் இல்லை, எல்லா ராத்திரியும்.

டீயை விட்டது உண்மை. அரிசி டின், பூண்டு, மஞ்சள் பல்பு எல்லாம் உண்மை. எட்டரை வரைக்கும் நான் நல்ல பிள்ளை. அதன் பிறகு படுக்க வேண்டும், அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது. கண்ணை மூடினால் அந்த வளைவு வருகிறது. "அப்பா" என்று பிள்ளை கத்தினாளே, அது கேட்கிறது. பக்கத்தில் கை வைத்தால் பாய் காலியாக இருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். அங்கே நாலு பேர் இருப்பார்கள், பேச்சு இருக்கும். போனதுதான் போனோம், முதல் ட்ரிப் எடுக்கலாம் என்று வண்டியை வரிசையில் நிறுத்திவிடுவேன். நீ பயந்தது சரிதான், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டும் போயிருக்கிறேன். அதை எழுதும்போது கை கூசுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து மறைத்து என்ன கண்டேன்? ஆவணியில் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பத்தைக் கூட்டிப்போனபோதும் கண் சொருகியது. நல்ல வேளை, நேர் ரோடு. யாருக்கும் தெரியாது. அன்றைக்கே வீட்டில் சொல்லியிருந்தால் நீ சாவியைப் பிடுங்கி வைத்திருப்பாய். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. பிள்ளையின் கை அந்தப் பயத்தில் முறிந்ததுதான்.

நேற்று உன் கடிதம் வந்ததும் நேரே ஜீப் ஓட்டுநர் சங்கத்துக்குப் போனேன். விடியல் ட்ரிப் பட்டியலிலிருந்து என் பெயரை அடிக்கச் சொன்னேன். பத்து மணிக்கு மேல் வருகிற ட்ரிப் மட்டும் போதும். "சீசன் நேரத்துல கிறுக்குப் பிடிச்சுருச்சாண்ணே? ஒரு தடவ பேர அடிச்சா மறுபடி கடைசில இருந்துதான் வரணும்" என்றான் சங்கத்தில் கணக்கு எழுதுகிற ஜிதின். தெரியும்டா, அடி என்றேன். என் கண் முன்னாலேயே அடித்தார்கள். அந்தப் பட்டியலில் பதினொரு வருடமாக என் பெயரைக் காப்பாற்றி வந்தேன், உனக்குத் தெரியும்.

நேற்று ராத்திரி வீட்டிலேயே படுத்தேன். தூங்கினேன் என்று எழுத ஆசைதான். இரண்டு மணி நேரம் இருக்கும், அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. எட்டரைக்கே படுத்துவிடுகிறவள், மூன்றரைக்குப் பால் கறக்க எழுகிறவள், பதினொன்றரைக்குக் கூரைக்கு மேல் நிலா வந்ததை எப்படிப் பார்த்தாய்?

பாண்டித்துரை


மீனாட்சிபுரம்
22.11.2025

உங்களுக்கு,

பகலில் எழுதுகிறேன். சாயங்காலம் வரை தள்ளிப்போட்டால் எழுதாமல் விட்டுவிடுவேன்.

நான் தூங்குவதில்லை. இங்கே வந்த நாளிலிருந்து இல்லை. எல்லாரும் படுத்த பிறகு கொட்டகைக்குப் போய் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டாக்டர் சொன்னதாக உங்களுக்கு எழுதினேனே, அதெல்லாம் உங்களுக்காக நான் கேட்டது இல்லை. பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏனம்மா, நீங்க தூங்கி எத்தன நாளாச்சு?" என்று அவராகவே கேட்டுச் சொன்னது. எனக்குச் சொன்ன மருந்தைத்தான் உங்களுக்கு அனுப்பினேன்.

அன்றைக்கு நான் ஏன் பின் சீட்டில் உட்கார்ந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கோபத்தில்தான். முன்னால் உட்கார்ந்தால் பேச வேண்டி வருமே. அதனால் பிள்ளையை முன்னால் ஏற்றிவிட்டு, பின்னால் தூங்குகிற மாதிரி சாய்ந்துகொண்டேன். தூங்கவில்லை. டாப் ஸ்டேஷன் தாண்டியதும் உங்கள் தலை ஒரு தடவை முன்னால் விழுந்து நிமிர்ந்தது. நான் பார்த்தேன். கையை நீட்டினால் உங்கள் தோள். "ஏனுங்க" என்று ஒரு வார்த்தை போதும். முதலில் அவரே பேசட்டும், நான் ஏன் பேச வேண்டும் என்று வாயை இறுக்கிக்கொண்டு இருந்தேன். ஐந்து நொடி இருக்குமா? இரண்டாவது தடவை தலை விழுந்தபோது வளைவு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், வாட்ச்மேன், யார் யாரோ நிற்க உங்களைத் திட்டினேன். என் மேல் விழ வேண்டியதும் உங்கள் மேலேயே போய் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம் போட்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். அது எனக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது.

பிள்ளை தினமும் உங்கள் தூக்கத்தைத்தான் கேட்கிறாள். அம்மா விழித்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என் மடியில் படுப்பாளா?

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் போக வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு நம்பிக்கை வந்தால் வருகிறேன் என்று முதல் கடிதத்தில் எவ்வளவு திமிராக எழுதினேன். இப்போது நம்பிக்கை வர வேண்டியது உங்களுக்கு. வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிடுங்கள், தாங்கிக்கொள்கிறேன்.

கற்பகம்


வட்டவடை
25.11.2025

கற்பகம்,

நீ விழித்திருந்தது எனக்குத் தெரியும்.

கிளம்பும்போதே உள் கண்ணாடியை உன் முகம் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்திருந்தேன். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க வேண்டிய கண்ணாடி அது. எப்போது கண்ணைத் திறப்பாய், எப்போது ஒரு வார்த்தை பேசுவாய் என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நீ நடிக்கிறாய் என்று அப்போதே கண்டுபிடித்துவிட்டேன். தூங்கினால் உனக்கு வாய் திறந்துகொள்ளும். அன்று பூட்டுப் போட்ட மாதிரி மூடியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நீ திட்டத் திட்ட, இதைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் உன் வாய் அடைத்திருக்கும். நல்ல மனசால் சொல்லாமல் விட்டேன் என்று நினைக்காதே. உன்னையும் உடைத்துவிட்டால் பிள்ளையை யார் தூக்குவது என்ற பயம்தான். பிறகு இங்கே தனியாகக் கிடந்தபோது உன் மேல் கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய நாள் வந்தது. பூண்டைப் பிரிக்கப் பிரிக்க அது எப்போது போனது என்று தெரியவில்லை.

ஸ்டியரிங் என் கையில் இருந்தது கற்பகம். நீ ஐந்து நொடி பேசாமல் இருந்தாய், நான் ஆறு நாள் தூங்காமல் இருந்தேன். ஓட்டுகிறவனைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டு வருவது ஒரு பெண்சாதியின் வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மோனிஷாவிடம் நான் செய்ததை நானே சொல்கிறேன். உன்னுடையதைச் சொல்வதா, எப்போது சொல்வது என்பது உன் விருப்பம். அவள் உன் மடியில்தான் படுப்பாள். எனக்கு என் மகளைத் தெரியும்.

வா என்று எழுதச் சொன்னாய். வா என்று எழுதவில்லை, நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே இருப்பேன். மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது பிள்ளையின் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். ஜீப் வேண்டாம். மூணாறில் ஏறினால் உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, அப்புறம் உங்கள் ஊர். திரும்பும்போதும் மூன்று பேரும் பஸ்தான். நம் ஜீப்பில் அவள் என்றைக்கு ஏறுவாளோ அன்றைக்கு ஏறட்டும், ஒரு வருடம் ஆனாலும் சரி.

நேற்று நாலு மணி நேரம் தூங்கினேன். முந்தாநாள் மூன்று. கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் தூங்குகிறேனா என்று பார்க்க நீ கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அது வேண்டாம். அன்றைக்கு நீ முதலில் படு. உன் வாய் திறந்துகொண்டதைப் பார்த்துவிட்டு நான் படுக்கிறேன்.

பாண்டித்துரை